கொக்குக்கு மூணு மதி

ராத்திரி ஒண்ணே முக்கால்.
பணகுடிக்குத் தெக்கே
நூத்திப் பன்னெண்டு காத்தாடிக்கு நடுவில்
ஒரு தகரக் கூரை, ஒரு மேசை,
மூடி கழண்ட ஃபேன், நான்.

ஆட்டத்தில் நான் தவளை.
கையில் குடைக்கம்பி.
எதிரில் கிரீடம் வச்ச கொக்கு.
ஒத்தைக் காலில் நின்னே
பாதித் திரையை அடைச்சிரும்.
கொக்குக்கு ஒண்ணே மதின்னு சொல்வாக.
இதுக்கு மூணு.
முதல் மதி கொத்தும்.
ரெண்டாம் மதி சிறகால்
குளத்தையே வழிச்சு மேல எறியும்.
மூணாம் மதியை
நாலு தடவைதான் பார்த்திருக்கேன்,
தடவைக்கு மூணு விநாடி.

அறுபத்தோரு சாவு.
ஒவ்வொண்ணுக்கும் பிறகு அதே அல்லி இலை,
தலையை உதறிக்கிட்டு அதே தவளை.
செல்லின் விரிசல்
தாவுற பொத்தான் மேலாகவே போகுது.
எத்தனை தாவு தாவினேன்னு
ஊறுகாயைத் தொடும்போது
கட்டைவிரல் சொல்லும்.

"தலையில வெண்ணெய வச்சிப் பிடியாம்ல"
என்கான் வியாகப்பன், கூத்தங்குழிக்காரன்,
பெஞ்சில் படுத்தபடி, கண்ணைத் திறக்காமல்.
எனக்குப் பலவேசம்னு பேர் வச்சாக.
வேசம் மாத்துறது என்னமோ கொக்குதான்.

ஒத்தை ஆளு செஞ்ச ஆட்டம் இது.
படம், இசை, கணக்கு, எழுத்து
எல்லாத்துக்கும் நேரா ஒரே பேர்.
வாசிக்கத் தெரியாத பேர், எந்த ஊரோ.
அவன் ஒரு காரியம் செஞ்சிருக்கான்:
கொத்துறதுக்கு முன்னால்
கொக்கு கழுத்தை அரை மூச்சு மடக்கும்.
அம்புட்டுத்தான்.
அந்த அரை மூச்சைப் பார்த்துட்டா பிழைக்கலாம்.
ராத்திரி ராத்திரியா உக்காந்து
கூட்டிக் குறைச்சு வச்சிருப்பான்,
முகம் தெரியாத என்னையும் நம்பி.

ஆனி மாசம் காண்டிராக்டர்
எட்டுப் பேரை நிறுத்தினான்.
அன்னைக்கும் டீ வாங்கித் தந்தான்.
கழுத்து மடங்கவே இல்லை.

மேசைக் கணினியில் நாப்பத்தேழாம் நம்பர் சிவப்பு.
ஆட்டத்தை நிறுத்தி வச்சேன்.
தூக்கின காலைத் தூக்கினபடி
கொக்கு காத்துக்கிடந்தது.
ஆடிக் காத்தில் பைக்கை
ஒரு பக்கமாச் சாய்ச்சே ஓட்டணும்,
நிமிர்ந்தா விழுந்துருவோம்.
மகேந்திரகிரி இருக்கிற பக்கம்
நட்சத்திரம் இல்லாத ஒரு துண்டு வானம், அவ்வளவுதான்.
கோபுரக் கதவைத் திறந்தால்
உள்ளே கிரீஸ் வாடையும் ஒரு பல்லியும்.
ரீசெட் அமுக்கினேன். இல்லை.
மறுபடி. இல்லை.
பத்து எண்ணிட்டு மறுபடி.
தலைக்கு மேலே எண்பது மீட்டரில்
ஏதோ ஒண்ணு தொண்டையைக் கனைச்சது.
மெதுவா ஒரு இறக்கை
நிலாவை மறைச்சு, விட்டு, மறைச்சது.
எந்த ஊர் மிக்சிக்கோ, எந்த வீட்டு ஏசிக்கோ.

திரும்பி வந்தேன். செல்லில் ஆறு சதவீதம்.

முதல் மதி, ஒரு அடிகூடப் படலை.
ரெண்டாவதில் பாதி உசுரு போச்சு.
மூணாவதில் கொக்கு
ஊனியிருந்த அந்த ஒத்தைக் காலையும் தூக்கிருச்சு.
பறக்குது.
தண்ணியில் அதன் நிழல் மட்டும்.
அட, நிழலைத்தான் பார்க்கணும்!
இத்தனை நாள் வானத்தைப் பார்த்துச் செத்திருக்கேன்.
நிழல் சுருங்கினா தாவு,
விரிஞ்சா குத்து,
சுருங்கினா
தாவு,
சிவப்புக் கோட்டில் ஒரு நகத்தளவு மிச்சம்,
கழுத்து மடங்குது,

கறுப்பு.

கறுத்த கண்ணாடியில்
விரல் இன்னும் ரெண்டு தடவை தாவிச்சு.
வெளியே நூத்திப் பன்னெண்டு காத்தாடி
விடாமல் கரண்டு அரைக்குது.

"என்னலே ஆச்சு?"
"இன்னும் ஒரு குத்து தான்."
"ஒனக்கா, அதுக்கா?"

பதில் சொல்லலை.
சார்ஜர் வயரை இடது பக்கமா வளைச்சு
அடியில் தீக்குச்சியை முட்டுக் கொடுத்து
அசையாமல் பிடிச்சாத்தான் ஏறும்.
பிடிச்சுக்கிட்டிருக்கேன்.